பார்க்காமல் எழுதிய ஐந்து நாள்

என் மனைவி மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய அன்று, பெட்டிகளை வண்டியில் ஏற்றிய பிறகும் ஒருமுறை உள்ளே வந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். நாற்பது நாள் நான் தனியாக இருக்கப்போகிறேன். எனக்கென்று அதில் ஒரு வரி கிடையாது. எல்லாம் பூனைக்கு.

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, உதவிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மேனேஜர் நாற்காலிக்கு இரண்டு முறை என் பெயர் போனது. இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஓய்வு பெற்ற அதே வாரம், ஒரு சாம்பல் நிறக் குட்டி எங்கிருந்தோ வந்து என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைச்சுப் பாக்குது. மேனேஜர்னே கூப்பிடலாம்," என்றாள். அது நடந்து பதினான்கு வருடம் ஆகிறது.

மூன்று வருடமாக மேனேஜருக்கு மலச்சிக்கல். இந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். அப்போது என் வாயில் வராது. எங்கள் குடும்பத்தில் வயிற்றுக்குக் கீழே நடப்பதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. என் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தான். மருத்துவரிடம் போனால்கூட "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மீதியை அவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வாரியத்திலும் நான் குடிநீர்ப் பிரிவு. கழிவுநீர்ப் பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை. அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பூனையின் வைத்தியத்தை என் மனைவியும் வீட்டு வேலைக்கு வரும் சிட்டுவும்தான் பார்த்துக்கொண்டார்கள். சிட்டு என்பது என் மனைவி வைத்த பட்டப்பெயர். வயது ஐம்பத்தைந்து, நடை மட்டும் குருவி.

தாளில் இருந்தது இதுதான். மூன்று வேளையும் டப்பா உணவு, கொஞ்சமாக, வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கூழ் போல. உலர்ந்த தீனியைக் கண்ணிலும் காட்டக் கூடாது. காலையில் வேகவைத்து மசித்த பூசணி ஒரு சின்ன ஸ்பூன். லாக்டுலோஸ் சிரப் காலை இரண்டு மில்லி, மாலை இரண்டு மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக, மெதுவாக. மூன்று அறையில் மூன்று கிண்ணம் தண்ணீர். தினமும் முடி வாரிவிட வேண்டும். நக்கி விழுங்கினால் அதுவும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும். கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது: "தினமும் மணலைப் பாருங்க. ரெண்டு நாள் போகலேன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க." அதற்குக் கீழே எண்.

கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அலுவலக ஒழுங்கோடு செய்தேன். கடிகாரம் பார்த்துச் சோறு, கடிகாரம் பார்த்து மருந்து. மேனேஜர் இரண்டு முறை என் கட்டைவிரலைக் கடித்தான். அதற்கும் நான் நேரம் தவறவில்லை.

மணல் தட்டு குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது. சிறுநீருக்கு அவன் குளியலறைச் சல்லடை ஓரமாகப் போவான். தட்டு மற்றதற்கு மட்டும். நான் எழுவது ஐந்து மணிக்கு. சிட்டு வருவது ஒன்பதுக்கு, போவது நான்குக்கு. விடியற்காலையில் தட்டில் ஏதாவது இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன். ஒன்பது மணிக்கு அவள் எடுத்துவிடுவாள். பத்து நாள் இப்படி ஓடியது. பிறகு, விடியற்காலையில் தட்டு சுத்தமாக இருக்க ஆரம்பித்தது. நேற்று கிளம்பும்போது சிட்டு எடுத்துவிட்டிருப்பாள், பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி தினமும் பதினொரு மணிக்குப் பேசுவாள்.

"என்ன, இன்னிக்கு ஆச்சா?"

"ம். ஆச்சு."

"எப்படி இருந்துச்சு? கெட்டியாவா?"

"அதெல்லாம் போன்ல என்ன கேள்வி? மாப்பிள்ளை பக்கத்துல இருக்கப்போறார்."

"ஏன், மாப்பிள்ளைக்கு அதெல்லாம் வராதா?"

நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்படி ஐந்து நாள் "ஆச்சு" என்று சொன்னேன்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் கூடத்தின் நடுவில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தான். பிறகு போய் மணல் தட்டில் குந்தினான். முதுகு வில்லாக வளைந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பூனையின் சத்தம் போலவே இல்லை. எழுந்தான், மூன்றடி நடந்தான், மறுபடி குந்தினான். ஒன்றும் வரவில்லை. காலையில் வைத்த கூழ் தொடாமல் ஏடு கட்டியிருந்தது.

சிட்டு வந்ததும் கேட்டேன். "நேத்து சாயங்காலம் எடுத்தியாம்மா?"

"எதைய்யா?"

"அதான். அதை."

"மணலையா? நான் எங்க எடுத்தேன்? நீங்கதானே விடியக்காலையில எடுத்துடறீங்க. அஞ்சு நாளா சுத்தமா கிடக்கு. ஐயா தன் கையாலயே எடுக்கறாரே, கேட்டா சங்கடப்படுவாரேன்னு நான் வாயே தொறக்கல."

"நான் அதைத் தொட்டதே இல்லையே."

இருவரும் மணலைப் பார்த்தோம். அவள் ஐந்து நாள் முன்பு சீவிவிட்ட கோடுகள் அப்படியே இருந்தன. இன்று குந்திய இடத்தில் மட்டும் நான்கு பாதத் தடம்.

வாரியத்தில் இதற்குப் பெயர் பார்க்காமல் எழுதுவது. மீட்டர் பார்க்கப் போனவன் வீட்டுக்குப் போகாமல், போன மாதக் கணக்கைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு எண்ணை எழுதிவிடுவான். அதைச் செய்த ஒருவனை இரண்டு மாதம் தற்காலிக நீக்கத்தில் வைத்தவன் நான். அவன் அழுதபோதுகூட இளகவில்லை.

அப்போதே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஆனால் போன் செய்தால் ஐந்து நாள் என்று சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்று சொன்னால், தினமும் பதினொரு மணிக்கு நான் மனைவியிடம் சொன்னது என்ன என்ற கேள்வி வரும். மணி ஒன்பதரை. பதினொன்றுக்குள் சரிசெய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

குழாய் அடைப்பு எனக்குப் புதிதல்ல. மேலிருந்து அழுத்தம் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கீழ் வால்விலிருந்து திருப்பித் தண்ணீர் விட வேண்டும், அப்போதுதான் இளகும். எத்தனையோ தெருக்களுக்கு நின்று செய்திருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைத் தெரியாத மருந்துக்கடையாகப் பார்த்து நான்கு தெரு தள்ளிப் போனேன்.

"எனிமா ஒண்ணு குடுங்க."

"பெரியவங்களுக்கா சார், குழந்தைக்கா?"

"பெரியவர்தான். வயசானவர்."

"என்ன வயசு?"

பதினான்கு என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எழுபத்திரண்டு," என்றேன். அது என் வயது.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கூச்சப்படாதீங்க சார். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கங்க, முட்டிய மடக்கிக்கங்க."

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற பெண்மணி அனுதாபமாகத் தள்ளி நின்றார். காது இரண்டும் எரிய வீட்டுக்கு வந்தேன்.

சிட்டு பாட்டிலைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "அம்மா இப்படிப் பண்ணி நான் பாத்ததே இல்லையேய்யா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"இந்த ஊருக்கே தண்ணி விட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"ஊருக்கு விட்டீங்க, சரி. பூனைக்கு விடலையே."

"பிடி நீ."

அவள் துண்டைச் சுற்றிப் பிடித்தாள். நான் மூன்று முறை அழுத்தினேன். மூன்றாவது முறை மேனேஜர் போட்ட கத்தலில் பாட்டில் கையிலிருந்து நழுவியது. துண்டு நனைந்தது. "போதும்யா, போதும், விட்டுடுங்க," என்று சிட்டு அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் திமிறவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மேனேஜரை யாராவது தூக்கினால் இரண்டு விநாடிக்கு மேல் பொறுக்க மாட்டான். இப்போது கழுத்தை அவள் கையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். அடைப்பு இளகவில்லை. கொஞ்சம் தண்ணீர் மட்டும் சொட்டியது. மறுபடி நுரை வாந்தி. அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்பு மையின் கீழே இருந்த எண்ணை அழுத்தினேன்.

டாக்டர் பெண் தானே எடுத்தாள். பூனையின் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டாள். "எத்தனை நாளா சார் போகல?"

"அஞ்சு நாள்."

"அஞ்சா!" என்றாள். "வீட்ல எதாவது கைவைத்தியம் பண்ணீங்களா? எண்ணெய், எனிமா, அந்த மாதிரி?"

சிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றேன்.

"நல்லவேளை. மருந்துக்கடை எனிமாவை மட்டும் போட்டுடாதீங்க. அதுல இருக்கற பாஸ்பேட் பூனைக்கு விஷம். ரத்தத்துல கால்சியத்தை இறக்கிவிட்டுடும், வலிப்பு வந்து இதயமே நின்னுடும். உடனே கூட்டிட்டு வாங்க, மயக்க மருந்து குடுத்து எடுத்துடலாம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. போன் என் காதிலேயே இருந்தது. கீழே எடுக்கக் கை வரவில்லை. பாட்டில் தொட்டி ஓரத்தில் நின்றது. லேபிளில் சின்ன எழுத்தில் எல்லாம் அச்சடித்திருந்தார்கள். நான் படித்திருக்கவில்லை. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாடகை வண்டியில் கூடை என் மடியில் இருந்தது. மூடியின் இடுக்கு வழியாக அவன் கண் தெரிந்தது. கருவிழி முழுக்க விரிந்திருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் அவன் மூச்சை எண்ணினேன். மறுபடி அழைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் பையில் வைத்தேன். கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களே பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியபடி பேசினாள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன்யா. உங்க வீட்டு விஷயம். ஆனா அது வாயில்லாத ஜீவன். அதுவும் சொல்லாது."

அந்த வார்த்தையோடு என் தகப்பனார் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மாரடைப்பில் போனார் என்று நாற்பத்தாறு வருடமாக ஊருக்குச் சொல்லி வருகிறேன். என் மனைவிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அவருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. பதினோரு நாள். எட்டாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. அப்போதும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் வந்தவர்களிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். எனக்கு மட்டும்தான் தெரியும். "வெளிய சொல்லாதே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னார். கடைசியில் மயங்கி விழுந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக இப்படி என்று பெரிய டாக்டர் என்னைக் கேட்டார். சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். "நேத்துலேருந்து," என்றேன். அந்தக் கணக்கை நம்பி அவர்கள் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். பொறுத்துப் பார்க்க அவரிடம் நாள் இல்லை.

வண்டி நின்றது.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு மூலையிலிருந்து ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். மடியில் இருந்த நாய்க்குட்டி கீழே குதித்தது. "சார்! நீங்களா?" நரைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. நான் இரண்டு மாதம் நீக்கிவைத்த அந்த மீட்டர்காரர்தான். அவரும் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் அதே பழைய பணிவு, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அறையில் இருந்தவர்கள் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் உள்ளிருந்து வந்தாள். கூடையைத் திறந்தாள், வயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்தாள். "தேங்காய் மாதிரி இருக்கு. ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு நேரா மயக்கம் குடுத்துடலாம்," என்று உதவிப் பெண்ணிடம் சொன்னாள். கூடை என் கையை விட்டுப் போனது. உள்கதவு அவர்கள் பின்னால் மூட ஆரம்பித்தது. அது மெதுவாக மூடும் கதவு. அதில் ஒரு சாண் இடைவெளி மிச்சமிருந்தது.

"டாக்டர்!" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "நான் எனிமா போட்டேன்."

கதவு நின்றது.

"போன்ல பொய் சொன்னேன். மருந்துக்கடை எனிமா. நூறு மில்லி பாட்டில்ல முப்பது குறைஞ்சிருக்கு. துண்டுல பத்து போயிருக்கும். இருபதுக்குக் குறையாம உள்ள போயிருக்கு. பத்தே காலுக்கு." பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

டாக்டரின் முகம் மாறியது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. "மயக்கம் வேண்டாம்! முதல்ல ரத்தம் எடு, டிரிப்ஸ் போடு, இதயத் துடிப்பு மெஷினை மாட்டு," என்று ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

ஒரு பையனின் கிளி கூண்டுக்குள் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மீட்டர்காரர் என் முழங்கையைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"என்ன ஆச்சு சார்?"

சொன்னேன். மணல் தட்டில் ஆரம்பித்துச் சொன்னேன். ஐந்து நாள் மலம் போகவில்லை, நான் பார்க்கவில்லை, போனது என்று மனைவியிடம் தினமும் சொன்னேன். அந்தச் சொல்லை முதல்முறை சொன்னபோது தொண்டை அடைத்தது. அப்புறம் அடைக்கவில்லை.

அவர் நாய்க்குட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப நீங்களும் பாக்காம எழுதிட்டீங்க."

"ஆமா."

"ரெண்டு மாசம் சார்," என்றார். அதில் சிரிப்பும் இருந்தது, சிரிப்பு இல்லாததும் இருந்தது. "என் பொண்டாட்டிக்கு அப்ப டைபாய்டு. அதான் அந்த வீடுகளுக்குப் போகல. சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

யோசித்தேன். "விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொல்லல." எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

போன் அடித்தது. பதினொரு மணி.

"என்ன, இன்னிக்கு ஆச்சா?"

"இல்லை."

"என்னது?"

"இன்னிக்கு இல்லை. நேத்தும் இல்லை. ஆறு நாளா இல்லை. நான் பொய் சொன்னேன்." பிறகு எனிமாவைச் சொன்னேன். எவ்வளவு, எப்போது, டாக்டர் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன்.

அவள் வெடித்தாள். "யாரைக் கேட்டுப் போட்டீங்க? ஆ? நாப்பது வருஷமா ஒரு தலைவலி மாத்திரையை எடுத்துக் குடுன்னா எந்த டப்பான்னு தெரியாது, நீங்க எனிமா போடறீங்களா? சிட்டு எங்க, அவகிட்ட குடுங்க. வேண்டாம், நீங்களே உள்ள போங்க. போய் அவனைப் பாத்து எனக்குச் சொல்லுங்க."

"உள்ள விட மாட்டாங்க."

"கேளுங்க!"

கேட்டேன். உதவிப் பெண் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் தலையசைத்தாள். மேசை மேல் மேனேஜர் பக்கவாட்டில் கிடந்தான். முன்காலில் முடியை மழித்து ஊசி குத்தியிருந்தார்கள். கம்பிகள், ஒரு சின்னத் திரையில் பச்சைக் கோடு. டாக்டர் மூலையில் ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் முன் முதுகைக் காட்டி நின்று முடிவுக்காகக் காத்திருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி.

"படுத்திருக்கான்."

"அது தெரியும். கண்ணு?"

"திறந்திருக்கு. பெருசா இருக்கு."

"வாய்?"

"லேசா திறந்திருக்கு. நாக்கு வெளிறியிருக்கு." என் வாழ்நாளில் அந்தப் பூனையை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. மூக்கின் இடது பக்கம் ஒரு பழைய கீறல் இருந்தது. "வயிறு உப்பலா இருக்கு. காது..."

"காது என்ன?"

"இடது காது துடிக்குது. ஈ உக்காந்தா உதறுமே, அந்த மாதிரி. ஆனா ஈ இல்லை."

"விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"தொடர்ந்து. இப்ப கன்னமும் துடிக்குது."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க! இப்பவே, கத்துங்க!"

கத்தினேன். டாக்டர் திரும்பிப் பார்த்தாள், இரண்டே எட்டில் வந்தாள். "கால்சியம் இறங்குது," என்றாள். அலமாரியிலிருந்து ஒரு குப்பியை உடைத்தாள், பெரிய சிரிஞ்சில் ஏற்றினாள், குழாயில் பொருத்தி மிக மெதுவாக அழுத்தினாள். கண் மட்டும் பச்சைக் கோட்டின் மேல் இருந்தது. வேகமாகப் போட்டால் இதயம் நின்றுவிடும், போடாவிட்டாலும் நின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கட்டைவிரல் நகரும் விதத்திலேயே தெரிந்தது.

"என்ன ஆகுது? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"ஊசி போடறாங்க. மெதுவா. பாதி ஆச்சு. காது இன்னும் துடிக்குது. பின்னங்கால் விறைக்குது."

மனைவி அழ ஆரம்பித்தாள். மகளின் குரல் "என்னம்மா, என்னம்மா" என்றது. பின்னால் மாப்பிள்ளை ஏதோ கேட்டார்.

"முக்கால் ஆச்சு," என்றேன். "கால் தளருது. கன்னம் நின்னுடுச்சு. காது..."

காது நின்றது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது.

"பிடிச்சுக்கிச்சு," என்றாள் டாக்டர். "இப்போதைக்கு. திரும்ப வரலாம். நீங்க இப்படியே நின்னு பாத்துட்டே இருங்க சார். ஒரு முடி அசைஞ்சாலும் சொல்லுங்க."

சாயங்காலம் வரை நின்றேன். துடிப்பு இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் சொன்னேன். சிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் காது சரியாகத் தெரியாது.

ரத்தம் சீரான பிறகு, மறுநாள்தான் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். எடுத்ததை ஒரு தட்டில் கொண்டுவந்து டாக்டர் காட்டினாள். காய்ந்து கல்லாகிப்போன கட்டிகள். பார்த்தேன். எக்ஸ்ரேயைச் சுவரில் மாட்டி விளக்கினாள். பெருங்குடல் வருடக் கணக்கில் விரிந்து விரிந்து சுருங்கும் சக்தியை இழந்துவிட்டது. இனி பூசணி வேண்டாம். இந்தக் குடலில் நார் சேர்ந்தால் பாரம்தான் சேரும். சக்கை குறைந்த உணவு, தண்ணீர் கலந்து. சிரப் மூன்று வேளை. குடலை அசைக்க ஒரு மாத்திரை, அதுவும் மூன்று வேளை. ஒரு நாள் போகாவிட்டாலே போன். திரும்பத் திரும்ப அடைத்தால் அறுவை சிகிச்சை. பதினான்கு வயதில் அதற்கு அவள் உத்தரவாதம் தர மாட்டாள்.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டேன்.

"சரியாகாது சார். பாத்துக்கணும், அவ்வளவுதான்."

மனைவி வர இன்னும் இருபது நாள் இருக்கிறது. மேனேஜர் என் கட்டிலுக்கு அடியில் படுக்கிறான். ஒவ்வொரு விடியற்காலையும் குளியலறைப் பக்கம் விளக்கைப் போட்டுக் குனிந்து தட்டைப் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு அவள் கேட்கிறாள். ஸ்பீக்கரில் மாப்பிள்ளை இருக்கிறார், சம்பந்தியம்மாளும் இருக்கிறார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

"ரெண்டு துண்டு. சுண்டுவிரல் நீளம். நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் கெட்டி."

"கெட்டியா? எவ்வளவு கெட்டி?"

"இரு," என்கிறேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."